ஐந்தே ஆண்டுகளில் திரும்பிவிடலாம் என்று வந்தவர்கள்: லண்டன் மேற்கிந்தியக் குடும்பங்களின் அன்றாடப் பாடுகள்

கொட்டும்பனி (இழையைத் தொடங்கியவர்):

தென்லண்டனில் ஒரு பேருந்துப் பணிமனையில் இருபத்தாறு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். என்னோடு வேலை செய்தவர்களில் பாதிப் பேர் ஜமைக்காவிலிருந்தோ பார்படோஸிலிருந்தோ கயானாவிலிருந்தோ வந்தவர்கள், அல்லது அப்படி வந்தவர்களின் பிள்ளைகள். உணவு இடைவேளையில் டோமினோக் கட்டைகளை மேசை அதிர அடித்துக்கொண்டே அவர்கள் சொன்ன வீட்டுக் கதைகளில் சிலவற்றையாவது எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

ஊர் விட்டு ஊர் போனவர்களின் வேடிக்கைக் கதைகள் பெரும்பாலும் மொழி தெரியாமல் விழித்ததில் பிறப்பவை. நம்மவர்களின் கதைகளும் அப்படித்தான். மேற்கிந்தியர்களின் பாடு இதற்கு நேர் எதிரானது. அவர்கள் ஆங்கிலம் பேசி வளர்ந்தவர்கள். பள்ளியில் இங்கிலாந்து மன்னர்களின் பெயர்களை வரிசை மாறாமல் ஒப்பித்தவர்கள். பிரிட்டிஷ் பிரஜை என்று அச்சிட்ட பாஸ்போர்ட்டைக் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு, தாய்நாட்டுக்குப் போகிறோம் என்று சொல்லியே கப்பலேறியவர்கள். தாங்கள் மனப்பாடம் செய்த இங்கிலாந்து இங்கிலாந்தில் இல்லை என்று கண்டபோது உண்டான திகைப்பே அவர்களுடைய சிரிப்புக்கெல்லாம் ஊற்று என்பது என் எண்ணம்.

1948 ஜூன் 22 அன்று எம்பயர் விண்ட்ரஷ் கப்பல் லண்டனுக்கு அருகே டில்பரித் துறையில் பயணிகளை இறக்கியது. ஜமைக்காவின் தலைநகர் கிங்ஸ்டனிலிருந்து கீழ்த்தளத்தில் வருவதற்குக் கட்டணம் ஏறத்தாழ 28 பவுண்டு. அந்தக் கப்பலில் வந்தவர்களும் பிறகு வந்தவர்களும் ஒரே கதையைத்தான் சொல்வார்கள்: ரயிலில் லண்டனை நெருங்கும்போது கூரைதோறும் புகைபோக்கிகளைப் பார்த்துவிட்டு, இத்தனை தொழிற்சாலைகள் இருக்கும் ஊரில் வேலைக்குப் பஞ்சமே இராது என்று மகிழ்ந்தார்களாம். குளிர் காய்வதற்காக மனிதர்கள் வீட்டுக்குள்ளேயே கரியை எரிப்பார்கள் என்று வெயில் நாட்டில் பிறந்தவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

இன்னொரு கதை, என் சக ஓட்டுநர் ஒருவரின் தந்தையுடையது. ஜமைக்காவில் சூடாகக் குடிப்பது எதுவானாலும் அதற்கு 'டீ' என்றே பெயர். காபியும் டீதான், கோகோவும் டீதான், மீன் போட்டுக் கொதிக்க வைத்த சாறுகூட 'ஃபிஷ் டீ'தான். வடஇங்கிலாந்திலிருந்து வந்திருந்த ஒரு மேற்பார்வையாளர் அவரைக் குடும்பத்தோடு மாலையில் டீக்கு அழைத்தார். ஒரு கோப்பைக்காக வயிற்றைக் காயப்போடுவானேன் என்று வீட்டிலேயே வயிறு முட்டச் சோறு உண்டுவிட்டு ஐவரும் போனார்கள். வடக்கத்தி ஆங்கிலேயர்களுக்கு 'டீ' என்பது மாலைச் சாப்பாடு. அவித்த உருளைக்கிழங்கும் பன்றி இறைச்சியும் மலைபோல் வந்தன. மறுத்தால் மரியாதையில்லை என்று தந்தை கண்ணால் அதட்ட, பிள்ளைகள் மூவரும் இரண்டாம் முறையாகச் சாப்பிட்டு முடித்தார்கள். இரு தரப்பும் பேசியது ஆங்கிலமே என்பதுதான் இதில் வேடிக்கை.

வடசேரி வாசகன்:

ஐயா, எங்களுக்கு மேற்கிந்தியத் தீவுகள் என்றாலே கிரிக்கெட்தான். 1950இல் லார்ட்ஸ் மைதானத்தில் அவர்கள் இங்கிலாந்தை 326 ஓட்டங்களில் வென்றதும், இங்கிலாந்து மண்ணில் அவர்களுக்கு அதுவே முதல் டெஸ்ட் வெற்றி என்பதும், ராமாதினும் வாலன்டைனும் சேர்ந்து பதினெட்டு விக்கெட் எடுத்ததும், கலிப்சோ பாடகர் லார்ட் கிச்சனர் கிட்டாரோடு மைதானத்தைச் சுற்றி வந்ததும் படித்திருக்கிறேன். இந்த வெற்றியை அந்தக் குடும்பங்கள் வீட்டில் எப்படிக் கொண்டாடின? மேலும், 'மேற்கிந்தியர்' என்று ஒரே பெயரால் நாம் சொல்வதை அவர்கள் ஒப்புக்கொள்வார்களா?

செவ்வரளி:

இரண்டாவது கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், தம்பி. நான் டொரன்டோவின் ஸ்கார்பரோவில் இருபது ஆண்டுகளாக வசிப்பவள். எங்கள் சுவருக்கு அப்பால் இருக்கும் முதியவர் ஜமைக்காக்காரர். அவர் மனைவி டிரினிடாட்காரர். இருவரும் லண்டனில் சந்தித்து மணந்து, பிறகு கனடாவுக்கு வந்தவர்கள். கிங்ஸ்டனுக்கும் போர்ட் ஆஃப் ஸ்பெயினுக்கும் இடையே 1,800 கிலோமீட்டருக்குக் குறையாத கடல் இருக்கிறது. இருவரும் ஒருவர் ஊரை மற்றவர் கண்டதில்லை. ஆங்கிலேயர்கள் எல்லாரையும் 'ஜமைக்கன்' என்று கூப்பிட்டதால் அந்த அம்மாளுக்கு ஏற்பட்ட கோபம் ஐம்பது ஆண்டுகள் கழித்தும் தணியவில்லை. கணவரோ அதை ஒரு தவறாகவே கருதியதில்லை.

அவர்கள் வீட்டின் நிரந்தர வழக்கு 'கலாலூ' பற்றியது. ஜமைக்காவில் கலாலூ என்பது ஒரு கீரை. நம் தண்டுக்கீரைக்கு நெருங்கிய உறவு. வெங்காயமும் தக்காளியும் போட்டு வதக்குவார்கள். டிரினிடாட்டில் கலாலூ என்பது கீரையின் பெயரன்று, சமைத்த பண்டத்தின் பெயர். சேப்பங்கிழங்கு இலையை வெண்டைக்காயோடும் தேங்காய்ப்பாலோடும் வேகவைத்து, நம் மத்தைப் போன்ற ஒரு கோலால் கடைந்து எடுப்பது. திருமணமான முதல் ஞாயிற்றுக்கிழமை கணவர் ஆசையோடு கலாலூ கேட்டாராம். பச்சைக் கூழாக வந்ததைப் பார்த்து, "இது யாருக்கு உடம்பு சரியில்லை என்று செய்தது?" என்று கேட்டுவிட்டாராம். அன்றைக்குத் தொடங்கியது இன்னும் முடியவில்லை.

1958இல் பத்து மாகாணங்களைச் சேர்த்து மேற்கிந்தியக் கூட்டாட்சி ஒன்றை அமைத்தார்கள். 1961இல் ஜமைக்கா மக்கள் வாக்களித்து விலகியபோது, பத்திலிருந்து ஒன்றைக் கழித்தால் மிஞ்சுவது பூஜ்யம் என்று டிரினிடாட் தலைவர் எரிக் வில்லியம்ஸ் ஒரு கணக்குச் சொன்னார். மறு ஆண்டே கூட்டாட்சி கலைந்தது. பக்கத்து வீட்டில் அந்த அம்மாள் கணவரிடம் சண்டை போடும்போது இந்தக் கணக்கையும் தவறாமல் இழுப்பார். நாட்டைப் பிரித்தவர்களின் பங்குக்கு மீன் துண்டு ஒன்று குறையும்.

என் பாடு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் அவர் தம் மூட்டுவலியைச் சொல்லிப் புலம்ப, நான் நம் வழக்கப்படி உச்சுக்கொட்டினேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. பல்லிடுக்கில் காற்றை உறிஞ்சி ஓசை எழுப்புவது அவர்களிடம் மிகப் பெரிய அவமதிப்பு. பெரியவர்கள் முன்னால் பிள்ளைகள் அதைச் செய்தால் அடி விழும். நம் ஊரில் அது இரக்கம் என்று விளக்கி முடிப்பதற்குள் தேநீர் ஆறிவிட்டது.

கொட்டும்பனி:

செவ்வரளி அம்மா சொன்ன கலாலூ வழக்கு எங்கள் பணிமனையிலும் அன்றாடம் நடந்தது. அங்கே நடுவர் ஒரு பார்படோஸ்காரர். இருவர் செய்வதும் தவறு என்பார்.

வெற்றியை வீட்டில் கொண்டாடுவது பற்றிய கேள்விக்கு: 1950இல் பெரும்பாலோருக்கு வீடே இல்லை, வாடகை அறைதான். பின்னர் வீடு வாங்கியவர்கள் ஒரு கொண்டாட்ட அறையைக் கட்டி எழுப்பினார்கள். அந்த அறையைப் பற்றிச் சொல்லாமல் இந்த இழை நிறைவு பெறாது.

அதன் பெயர் முன்னறை. வாசல் கதவைத் திறந்ததும் இருக்கும் அந்த அறையே வீட்டின் மிக நல்ல அறை. ஆனால் அதில் யாரும் உட்காரக் கூடாது. சோபாவின்மேல் பிளாஸ்டிக் உறை மாட்டியிருக்கும். கோடையில் அரைக்கால் சட்டையோடு அதில் உட்கார்ந்த பையன் எழுந்திருக்கும்போது தொடைத்தோல் பிரிவது போல் ஓசை கேட்கும். கண்ணாடி அலமாரியில் ஒருபோதும் மது ஊற்றப்படாத கோப்பைகள் வரிசையாக நிற்கும். சுவரில் இயேசுவின் கடைசி விருந்து, அதன் பக்கத்தில் தீவின் வரைபடம். மேசைகளின்மேல் குரோஷே ஊசியால் பின்னிய துணிகள் பூவிதழ்போல் விறைத்து நிற்கும். சர்க்கரைப் பாகில் தோய்த்துக் காயவைத்தால்தான் அந்த விறைப்பு வரும். சர்க்கரை என்றால் எறும்பு வராதா என்று ஒருவரைக் கேட்டேன். "வந்தது. எறும்புக்குக்கூட அந்த அறையில் அனுமதி உண்டு, எனக்குத்தான் இல்லை" என்றார்.

இந்த அறையின் மூலவர் ரேடியோகிராம். நீளமான மரப்பெட்டி; வானொலியும் இசைத்தட்டுக் கருவியும் ஒன்றாக இருக்கும். ஜெர்மானிய ப்ளாவ்பங்க்ட் கருவியை 'ப்ளூ ஸ்பாட்' என்றே அவர்கள் அழைத்தார்கள், அது வந்து இறங்கும் நாளில் தெருவே எட்டிப் பார்க்கும். சனிக்கிழமை இரவு அதில் ஜமைக்காவின் துள்ளல் இசையான ஸ்கா அதிரும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அதே கருவியில் ஜிம் ரீவ்ஸ் உருகுவார். அமெரிக்க டெக்சாஸ் மாநிலத்து நாட்டுப்புறப் பாடகர் ஒருவர் ஜமைக்கா அம்மாக்களின் ஞாயிற்றுக்கிழமைத் தெய்வமானது எப்படி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. (இலங்கைத் தமிழ்க் கிறித்தவ வீடுகளில் மார்கழியில் அவர் குரலைக் கேட்டு வளர்ந்த எனக்கு இதைக் கேட்க உரிமையில்லை என்பதும் தெரியும்.)

அந்த அறை திறப்பது மூன்று பேருக்காக: பாதிரியார், காப்பீட்டு முகவர், ஊரிலிருந்து புதிதாக வந்தவர். 2005இல் லண்டன் ஜெஃப்ரி அருங்காட்சியகத்தில் இப்படிப்பட்ட ஒரு முன்னறையை அப்படியே அமைத்துக் காட்சிக்கு வைத்தார்கள். என் நண்பர் ஒருவர் தாயாரை அழைத்துப்போனார். அந்த அம்மாள் கயிற்றுக்கு அப்பால் நின்று நெடுநேரம் பார்த்துவிட்டு, அலமாரிக் கண்ணாடியில் தூசி இருக்கிறது என்று காவலரிடம் புகார் சொன்னார்.

கணக்குப்பிள்ளை:

வீடு வாங்கினார்கள் என்று ஒரே வரியில் கடந்துவிட்டீர்கள், நண்பரே. கறுப்பர்களுக்கு வீட்டுக்கடன் எளிதில் கிடைக்காத காலத்தில் எப்படி வாங்கினார்கள்? சீட்டுப் பிடித்துத்தான். ஜமைக்காவில் இதற்குப் 'பார்ட்னர்' என்று பெயர்; டிரினிடாட்டில் 'சூசூ', இது மேற்கு ஆப்பிரிக்க யொருபா மொழியிலிருந்து வந்த சொல்; பார்படோஸில் 'மீட்டிங் டர்ன்'; கயானாவில் 'பாக்ஸ் ஹேண்ட்'. இருபது பேர் வாரம் ஐந்து பவுண்டு போட்டால், வாரத்துக்கு ஒருவர் நூறு பவுண்டை எடுத்துக்கொள்வார். அப்படி எடுப்பதற்குக் 'கை' எடுப்பது என்பார்கள். நம் ஏலச்சீட்டைப் போல் கசர் தள்ளுவதில்லை, வட்டியும் இல்லை. வரிசையை 'பேங்கர்' எனப்படும் அம்மாள் முடிவு செய்வார். அவருக்கு ஏதேனும் அன்பளிப்பு உண்டு.

இந்த வரிசையில்தான் குடும்ப நாடகங்கள் எல்லாம் நடந்தன. முதல் கை யாருக்கு என்பதற்காக பேங்கர் அம்மாளின் வீட்டுக்கு அக்டோபர் மாதமே ரம்மில் ஊறிய பழக்கேக்குகள் போய்ச் சேரும். கணவனுக்குத் தெரியாமல் மனைவியும் மனைவிக்குத் தெரியாமல் கணவனும் ஒரே பேங்கரிடம் சீட்டுப் போட்டு, இருவரும் ஒரே வெள்ளிக்கிழமை மாலையில் பணத்தோடு ஒரே வாசலில் சந்தித்துக்கொண்ட கதையை என் கணக்கு அலுவலகத்தில் ஒருவர் தம் பெற்றோர் கதையாகவே சொன்னார். இருவரும் அதன் பிறகு ஒரு மாதம் பேசிக்கொள்ளவில்லையாம். இரண்டு சீட்டும் சேர்ந்த பிறகுதான் வீட்டு முன்பணம் தேறியதாம்.

காசு பற்றி இன்னொன்று. ஜமைக்காவில் அப்போது பவுண்டும் ஷில்லிங்கும் புழங்கின. பார்படோஸ், டிரினிடாட், கயானா ஆகிய இடங்களில் டாலரும் சென்ட்டும் புழங்கின. ஒரு பவுண்டுக்கு 4 டாலர் 80 சென்ட். ஆகவே பார்படோஸ்காரர் கடையில் எந்தப் பொருளைத் தொட்டாலும் 4.8ஆல் பெருக்கிப் பார்த்து, விலை டாலரில் தெரிந்தவுடன் பதறி, பொருளைத் திரும்ப வைத்துவிடுவார். 1971 பிப்ரவரியில் பிரிட்டன் தசமக் காசுக்கு மாறியபோது ஆங்கிலேயர்கள் எல்லாரும் குழம்பினார்கள். எங்கள் தெருவில் குழம்பாதவர் இந்தப் பார்படோஸ்காரர்தான். நூறு சென்ட் என்ற கணக்கு அவருக்குப் பிறவியிலேயே தெரியும். வெள்ளைக்காரப் பாட்டிகளுக்கு அவர் வாசற்படியில் பாடம் நடத்தினார்.

தேம்ஸ்கரை:

எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே எழுதுகிறீர்கள். எனக்கு இதில் ஒரு நெருடல் இருக்கிறது. வாடகைக்கு அறை தேடிப்போனவர்கள், கறுப்பர்களுக்கு இடமில்லை என்று சன்னலில் எழுதி வைத்திருந்ததைப் படித்துவிட்டுத் திரும்பினார்கள். வீட்டு விஷயத்தில் இந்தப் பாகுபாட்டைச் சட்டம் தடுத்தது 1968இல்தான். ஒரே அறையில் நான்கு பேர். படிக்கட்டுத் திருப்பத்தில் எல்லாக் குடும்பங்களுக்கும் பொதுவாக ஒரே அடுப்பு. ஷில்லிங் காசு போட்டால்தான் எரியும் எரிவாயு மீட்டர். நாற்றமடிக்கும் மண்ணெண்ணெய்க் கணப்பு கவிழ்ந்து தீப்பிடித்த வீடுகளும் உண்டு. 1958இல் நாட்டிங் ஹில்லில் கும்பல்கள் அவர்களைத் துரத்தியடித்தன. இவற்றையெல்லாம் 'வேடிக்கையான பாடு' என்று சொல்வது துன்பப்பட்டவர்களைப் பார்த்துச் சிரிப்பதாகாதா?

கொட்டும்பனி:

நீங்கள் சொன்னவற்றில் ஒன்றையும் நான் மறுக்கவில்லை. ஆனால் சிரித்தவர்கள் அவர்களே. நான் கேட்டவன் மட்டும்.

அந்தப் பொது அடுப்புக் கதையையே எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்க காலத்தில் கடைகளில் கிடைத்த அரிசி பாலில் குழையவேவித்துச் சர்க்கரை போட்டுத் தின்பதற்கான குட்டை அரிசி. அதைக் கொண்டு ஞாயிற்றுக்கிழமை அரிசியும் பயறும் சமைத்தால் பசையாகிவிடும். ஒரு வீட்டில் அந்தப் பசையைத் தூக்கி எறிய மனமில்லாமல் ஒருவர் சுவரில் கிழிந்து தொங்கிய காகிதத்தை அதைக் கொண்டே ஒட்டிவிட்டாராம். வீட்டுக்கார அம்மாள் வந்து பார்த்து, இவ்வளவு நன்றாக ஒட்டும் பசையை எந்தக் கடையில் வாங்கினீர்கள் என்று கேட்டாராம். அவர் கடையின் பெயரைச் சொன்னாராம். இதைச் சொல்லும்போது அவருக்குக் கண்ணில் நீர் வரச் சிரிப்பு. அந்த அம்மாள்தான் முன்பு அவர் வறுத்த உப்புக் கருவாட்டின் வாடைக்காக வாரம் ஒரு ஷில்லிங் கூடுதலாக வாங்கியவர். இதில் யார் யாரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்று நீங்களே சொல்லுங்கள்.

செவ்வரளி:

கயானாவிலிருந்து வந்தவர்களின் பாடு தனி. எங்கள் தெருக்கோடியில் மூன்சாமி என்ற குடும்பப்பெயர் கொண்ட ஒருவர் இருக்கிறார். முனுசாமிதான் அங்கே போய் மூன்சாமியானது. 1838 முதல் இந்தியாவிலிருந்து கயானாவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களில் சென்னைத் துறைமுகம் வழியாகப் போனவர்களின் வழித்தோன்றல்களை அங்கே இன்றும் 'மதராசி' என்பார்கள். அவர்களுடைய காளியம்மன் பூசையில் தப்பு அடிக்கிறார்கள். அதற்கு அங்கேயும் 'தப்பு' என்றே பெயர்.

இவர் லண்டனில் இருந்த காலத்தில் ஆங்கிலேயர், "இந்தியாவில் எந்தப் பகுதி?" என்று கேட்பார். "கயானா" என்றால் ஆப்பிரிக்காவிலிருக்கும் கானாவா என்பார். இந்தியக் கடைக்காரர் இந்தியில் பேசுவார். இவருக்குப் புரியாது என்றதும், தாய்மொழியை மறந்தவன் என்று திட்டுவார். மேற்கிந்தியர்களின் நடன அரங்குக்குப் போனால், வாசலில் நிற்பவர் இவரை மேலும் கீழும் பார்ப்பார். வாயைத் திறந்து இரண்டு வார்த்தை பேசிய பிறகுதான் உள்ளே விடுவார். எங்கள் கோயிலுக்கு வந்தபோது அர்ச்சகர் நட்சத்திரம் கேட்டதற்கு, "வெஸ்ட் இண்டீஸ்" என்று பதில் சொல்லிவிட்டார். அர்ச்சகர் ஒரு கணம் யோசித்துவிட்டு, சுவாமி பேருக்கே அர்ச்சனை செய்துவிட்டார்.

வடசேரி வாசகன்:

பிள்ளைகளின் பாட்டைக் கொஞ்சம் சொல்லுங்கள். பெற்றோர்களின் கதைதான் இதுவரை வந்திருக்கிறது.

தேம்ஸ்கரை:

இதை நானே சொல்கிறேன்; சிரிப்புக் கதையாகவே தொடங்குகிறேன், கொட்டும்பனி மகிழட்டும். என்னோடு படித்த ஒருத்தியின் தந்தை எந்தக் காகிதத்தையும் எறிய மாட்டார். 1950களிலிருந்து வந்த சம்பளச் சீட்டு, எரிவாயு ரசீது, பேருந்துப் பயணச்சீட்டுகூட, பெரிய பிஸ்கட் தகரப் பெட்டிகளில் ஆண்டுவாரியாகக் கட்டி வைத்திருப்பார். பிஸ்கட் என்று நினைத்துப் பெட்டியைத் திறந்து ஏமாந்த பிள்ளைகள் பிறந்தநாளில் அவருக்கு ஒரு கட்டு பழைய செய்தித்தாளைப் பரிசாகக் கொடுப்பார்கள்.

1973 ஜனவரி 1க்கு முன் வந்து குடியேறிய காமன்வெல்த் நாட்டவர்களுக்கு இங்கே தங்கும் உரிமை சட்டப்படி இருந்தது. அதற்கு ஆவணம் எதுவும் கொடுக்கப்படவில்லை. அரசிடம் இருந்த பழைய வருகை அட்டைகளோ 2010இல் அழிக்கப்பட்டன. பிறகு விதிகள் இறுகி, ஒவ்வோர் ஆண்டும் இங்கே இருந்ததற்குச் சான்று காட்டு என்று கேட்டபோது, பெற்றோரின் பாஸ்போர்ட்டில் குழந்தையாக வந்தவர்கள் வேலையை இழந்தார்கள், சிலர் நாடு கடத்தவும்பட்டார்கள். 2018இல்தான் அது வெளியே வெடித்தது. என் தோழியின் அக்காள் ஜமைக்காவில் பிறந்து ஐந்து வயதில் வந்தவள். அந்த ஆண்டு குடும்பம் முழுவதும் கூடி, தரையில் உட்கார்ந்து, பதினேழு பிஸ்கட் பெட்டிகளையும் திறந்தது. அவளுடைய பள்ளிப் பால் ரசீதுவரை இருந்தது. தந்தை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, எந்த ஆண்டு வேண்டும் என்று நூலகர் போலக் கேட்டுக்கொண்டிருந்தாராம். இதற்குச் சிரிக்கலாமா என்று எனக்கு இப்போதும் தெரியவில்லை. அவர்கள் அன்று சிரித்தார்கள் என்பது மட்டும் உண்மை.

கணக்குப்பிள்ளை:

தணிக்கையாளனாக ஒரு வார்த்தை: அந்த மனிதரை வணங்குகிறேன்.

கொட்டும்பனி:

தேம்ஸ்கரை, உங்கள் கதைக்கு மேல் நான் சொல்ல ஏதுமில்லை. ஆனால் இழையின் தலைப்புக்கு ஒரு கடன் பாக்கி இருக்கிறது.

வந்தவர்களில் பெரும்பாலோர் ஐந்தாண்டுத் திட்டத்தோடு வந்தார்கள்: ஐந்தே ஆண்டுகள் உழைப்பது, சேர்ப்பது, திரும்பி வீடு கட்டுவது. 1956 முதல் லண்டன் போக்குவரத்து நிறுவனம் பார்படோஸிலேயே ஆள் எடுத்தது. கப்பல் கட்டணத்தைக் கடனாகக் கொடுத்து, வாராவாரம் சம்பளத்தில் பிடித்துக்கொண்டார்கள். கடன் தீர்ந்த பிறகு ஐந்தாண்டு தொடங்கும். மனைவி வந்தால் மறுபடி தொடங்கும். பிள்ளை பிறந்தால் மறுபடி. எங்கள் பணிமனையில் ஒருவர் தம் முதல் பெட்டியை அலமாரிக்கு மேலே, இறக்குவதற்கு வசதியாகக் கைப்பிடி வெளிப்புறம் இருக்கும்படி வைத்திருந்தார். முப்பத்து நான்கு ஆண்டுகள் அது அங்கேயே இருந்தது. ஒவ்வொரு குளிர்காலமும், இதுவே கடைசி என்று எங்களிடம் அறிவிப்பார்.

ஓய்வு பெற்றதும் உண்மையாகவே போய்விட்டார். ஜமைக்காவில் திரும்பி வந்தவர்கள் பலரும் குடியேறும் ஊர் மாண்டெவில். மலைமேல், 600 மீட்டருக்கும் மேலான உயரத்தில் இருக்கிறது. வீட்டைக் கட்டி, இங்கிருந்து கப்பலில் ரேடியோகிராமையும் கண்ணாடி அலமாரியையும் கொண்டுபோய் முன்னறையும் அமைத்தார். அக்கம்பக்கத்தார் அவருக்கு வைத்த பெயர் 'இங்கிலீஷ்'. கடையில் யாரும் வரிசையில் நிற்பதில்லை, பேருந்து சொன்ன நேரத்துக்கு வருவதில்லை, மாலை நான்கு மணிக்கு நல்ல டீ கிடைப்பதில்லை என்று எனக்கு மாதம் ஒரு கடிதம் எழுதுவார். கடற்கரையோரம் அவருக்குப் பிதிரார்ஜித நிலம் இருந்தும் ஏன் மலைக்குப் போனீர்கள் என்று ஒருமுறை கேட்டிருந்தேன். பதில் ஒரே வரியில் வந்தது: "கீழே வெயில் தாங்க முடியவில்லை."

அதே கடிதத்தின் அடியில் அவர் மனைவி, மாலையில் போட்டுக்கொள்ள நல்ல கம்பளிச் சுவெட்டர் இரண்டு அனுப்பச் சொல்லி அளவு எழுதியிருந்தார்.